ஐம்பதில் அரங்குக்கு வந்த சீமாட்டி

கொழும்புத் தேசிய நூதனசாலையின் முன்புறப் புற்றரையில் ஒரு வெள்ளைக்காரத் தேசாதிபதியின் சிலை நிற்கிறது. பாடசாலைச் சுற்றுலாவில் போன நாங்கள் எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுத்திருப்போம். பெயரை வாசித்தவர்கள் குறைவு. அவர் சேர் வில்லியம் கிரகரி. 1872 முதல் 1877 வரை இலங்கையை ஆண்டவர். அந்த நூதனசாலை அவருடைய காலத்தில் எழுந்தது. வடமத்திய மாகாணம் 1873 இல் அவருடைய காலத்தில்தான் பிரிக்கப்பட்டது. நுவரெலியாவில் படகு ஓடுகின்ற வாவிக்கும் அவர் பெயரே. எங்கள் கட்டுரை அவரைப் பற்றியதன்று. இலங்கையை விட்டுப் போய் மூன்று ஆண்டுகளின் பின்னர் அவர் மணமுடித்த பெண்ணைப் பற்றியது.

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதித் தருமாறு கேட்டபோது, வைத்தியர்கள் என்றபடியால் புளோரன்ஸ் நைற்றிங்கேல் வருவார் என்று மலர்க்குழு எண்ணியிருக்கக்கூடும். அவரைப் பற்றி வேண்டியமட்டும் எழுதியாயிற்று. சீமாட்டி கிரகரியைப் பழைய மாணவியர் சங்கத்தில் ஓடித் திரிந்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். நாடகத்துக்கு மண்டபம் பிடிப்பவர், நுழைவுச்சீட்டு விற்பவர், வரவு செலவு பார்ப்பவர், ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பலகாரம் கொண்டு வருபவர், திரை விலகும் நேரத்தில் வாசலில் நின்று தலைகளை எண்ணுபவர். எங்கள் ஒவ்வொரு மேடையேற்றத்துக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார். அவருடைய பெயர் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியில் நன்றியுரையோடு வரும். சீமாட்டி கிரகரி இவ்வளவையும் செய்தார். மேடையில் நடந்த நாடகங்களிற் பலவற்றை எழுதியவரும் அவரே என்பதுதான் பலருக்கு மறந்து போயிற்று.

இசபெல்லா அகஸ்ரா பேர்ஸ் 1852 மார்ச் 15 ஆம் திகதி, அயர்லாந்தின் மேற்கே கால்வே மாவட்டத்தில், ரொக்ஸ்பரோ என்ற பெருவீட்டில் பிறந்தார். ஆங்கிலம் பேசும் புரட்டஸ்தாந்து நிலப்பிரபுக் குடும்பம். பன்னிரண்டாவது பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை. படிப்பெல்லாம் வீட்டோடுதான். வீட்டில் பிள்ளைகளை வளர்த்த மேரி ஷெரிடன் என்ற தாதி கத்தோலிக்கர், ஐரிஷ் மொழி அறிந்தவர். பழைய கிளர்ச்சிகளையும் வீரர் கதைகளையும் சின்னஞ் சிறுமிக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவரே. பெரிய வீட்டின் நூலறையிலிருந்து கிடைக்காத ஒன்று அடுக்களைப் பக்கத்திலிருந்து கிடைத்தது.

வளர்ந்த பின்னர், நோயாளியான சகோதரருக்குத் துணையாகப் பிரான்சின் தென்கரைக்குப் போய்வரும் மணமாகாத மகள் என்ற நிலை. அப்படியே முடிந்திருக்கும். 1880 இல் அயலூரான கூலின் உரிமையாளர் சேர் வில்லியம் பெண் கேட்டார். மனைவியை இழந்தவர், 63 வயது. அகஸ்ராவுக்கு 28 கூட நிறையவில்லை. அடுத்த ஆண்டு ஒரே மகன் ரொபேட் பிறந்தார்.

எங்கள் நாட்டில் சிலையாக நிற்பவரை அயர்லாந்து வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. 1847 இல், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, கால் ஏக்கருக்கு மேல் காணி வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்ற விதியைப் பாராளுமன்றத்தில் கொண்டு வந்தவர் இவரே. கஞ்சிக்காகக் காணியைக் கைவிட்ட குடும்பங்கள் ஏராளம். வரலாற்று நூல்கள் அதை இன்றும் கிரகரியின் விதி என்றே சொல்கின்றன. நூதனசாலைக்கு நன்றி சொல்லும்போது இதையும் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்வது நல்லது.

கணவரோடு இத்தாலி, ஸ்பெயின், எகிப்து, இந்தியா, இலங்கை என்று பயணங்கள். எகிப்திலே அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த அராபி பாஷாவின் வீட்டுக்குப் போய் அவருடைய தாயையும் மனைவியையும் கண்டு பேசியிருந்தார். 1882 இல் அராபி தோற்றுச் சிறைப்பட்டிருந்த நேரம், அந்த வீட்டைப் பற்றி எழுதிய கட்டுரை இலண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் எழுத்து என்று சொல்லத்தக்கது அதுதான். அராபியை நாடு கடத்தியது எங்கே என்றால் இலங்கைக்கு. கொழும்பிலும் கண்டியிலுமாகப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்தார். கண்டியில் அவர் வாழ்ந்த வீட்டை இன்றும் பார்க்கலாம்.

1892 மார்ச்சில் சேர் வில்லியம் இறந்தார். அகஸ்ராவுக்கு நாற்பது நிறைய இன்னும் சில நாள்களே. அன்று உடுத்த கறுப்பை அவர் சாகும்வரை மாற்றவில்லை. கூல் காணி கடனில் இருந்தது. சிக்கனமாக இருந்து கடனை அடைத்து, மகனுக்காக அதைக் காப்பாற்றுவதுதான் வேலை என்று இருந்தார். எங்கள் வகுப்பில் பலருக்கு இப்போது அந்த வயதுதான். வாழ்க்கையின் பெரும்பகுதி தீர்மானமாகிவிட்டது, இனிப் பிள்ளைகளின் காலம் என்று நாங்கள் பேசிக்கொள்கிற வயது. உலகம் அவரை அறிந்த காரியங்கள் அத்தனையும் இதற்குப் பின்னர் நடந்தவை.

ஐரிஷ் மொழியைப் படிக்கத் தொடங்கினார். அரன் தீவுகளுக்குப் போனார். கோர்ட் என்ற பக்கத்துச் சிறுநகரில் ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது. கைவிடப்பட்ட முதியோரும் நோயாளரும் கடைசி நாள்களைக் கழிக்கும் இடம். அங்கே போய், கட்டில்களின் அருகே இருந்து, அவர்கள் சொன்ன கதைகளை எழுதிக்கொண்டு வந்தார். அரசாங்க வைத்தியசாலைகளின் வாட்டுகளில் வேலை செய்த எங்களுக்கு இது நன்றாக விளங்கும். நோய் விபரம் கேட்கப் போனால், கிழவர்கள் முதலில் சொல்வது தங்கள் ஊர்க்கதையை. அதைக் கேட்க எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. இவர் அதைக் கேட்பதற்காகவே போனார்.

அந்த விடுதியிலிருந்துதான் பின்னர், 1908 இல், த வேர்க்ஹவுஸ் வோட் என்ற ஓரங்க நாடகம் வந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு கிழவர். ஒரே ஊர், ஓயாத சண்டை. ஒருவரின் விதவைச் சகோதரி வந்து தன்னோடு வீட்டுக்கு வரும்படி கூப்பிடுகிறாள். அவருக்கு ஆசைதான். ஆனால் மற்றவரை விட்டுப் போக மனமில்லை. அவரையும் கூட்டிப் போகச் சொல்கிறார். அவள் இருவரையும் விட்டுவிட்டுப் போகிறாள். கிழவர்கள் தலையணைகளையும் கையில் அகப்பட்டதையும் எறிந்து மறுபடி சண்டை பிடிக்கிறார்கள். மூன்று பாத்திரம், இரண்டு கட்டில், அரை மணி நேரத்துக்குள் அடங்கும். பாடசாலை நாடக மன்றம் ஒன்றுக்கு இதைவிட வசதியான நாடகம் எங்களுக்குத் தெரியவில்லை.

நாடக ஆசை அவருக்கு வந்தது ஒரு மழைநாளில். 1897 கோடையில் கவிஞர் யேற்ஸும் அயலவர் எட்வேர்ட் மார்ட்டினும் அவரும் கடற்கரையோரத்து வீடு ஒன்றில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். ஐரிஷ் நாடகங்களை டப்ளினில் போடவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆண்கள் இருவரும் பேச்சோடு விட்டிருப்பார்கள் என்பது எங்கள் ஊகம். சீமாட்டி அன்றே காரியத்தில் இறங்கினார். தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, நட்டம் வந்தால் ஈடுசெய்வதாக வாக்கு வாங்கினார். 1899 மே மாதம் முதல் நாடகங்கள் மேடையேறின.

நடிகர்கள் கிடைத்தது பிறகு. ஃபே என்ற இரண்டு சகோதரர்கள் டப்ளினில் ஒரு பொழுதுபோக்கு நாடகக்குழு நடத்தினார்கள். ஒருவர் கந்தோரில் வேலை, மற்றவர் மின்வேலை. குழுவினர் எல்லோரும் பகலில் உழைத்து இரவில் ஒத்திகை பார்ப்பவர்கள். 1902 ஏப்ரலில் ஒரு கோயில் மண்டபத்தில் இக்குழு போட்ட கத்லீன் நி ஹூலிஹன் என்ற நாடகம் நாட்டையே உலுக்கியது. கலியாணத்துக்கு முதல்நாள் வீட்டுக்கு ஒரு பிச்சைக்காரக் கிழவி வருகிறாள். பறிபோன தன் நிலத்தைப் பற்றிச் சொல்கிறாள். மணமகன் எல்லாவற்றையும் விட்டு அவள் பின்னே போகிறான். கிழவிதான் அயர்லாந்து. எழுதியவர் யேற்ஸ் என்றே அச்சாயிற்று, பள்ளிக்கூடங்களிலும் அப்படியே படிப்பித்தார்கள். கையெழுத்துப் பிரதியை மிகப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், நாடகத்தின் பெரும்பகுதி சீமாட்டி எழுதியதென்று கண்டார்கள். பிரதியில், முதற் பக்கங்கள் முழுக்கத் தன்னுடையவை என்று பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். யேற்ஸ், பேச்சு வழக்கிற்கு உதவி பெற்றதாக ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் இல்லை. சீமாட்டி வெளியில் உரிமை கோரவேயில்லை. நண்பருடைய பெரிய வெற்றி ஒன்றில் பங்கு கேட்க அவருக்கு மனமில்லாமல் இருந்திருக்கலாம். பெருந்தன்மை என்று இதைப் புகழ்வார்கள். எங்களுக்கு அப்படி விட்டுவிட மனம் வரவில்லை. உழைத்தவளின் பெயரை நிகழ்ச்சி நிரலில் போடுவது பெருந்தன்மையோடு சம்பந்தப்பட்ட விடயமே அல்ல. அது கணக்கு வழக்கு.

1904 இல் குழுவுக்குச் சொந்த அரங்கு கிடைத்தது. ஆனி ஹோர்னிமன் என்ற ஆங்கிலப் பெண்மணி பணம் கொடுத்தார்; தேயிலையைப் பொதிசெய்து விற்றுச் செல்வம் சேர்த்த குடும்பத்தவர். பழைய மண்டபம் ஒன்றும், அதோடு ஒட்டியிருந்த பழைய பிணவறையும் சேர்ந்து அபி அரங்கு ஆயின. சட்டப்படி உரிமப் பத்திரம் அயர்லாந்தில் வசிப்பவருக்கே கொடுக்கலாம் என்றபடியால் அது சீமாட்டி கிரகரியின் பெயரில் வந்தது. டிசெம்பர் 27 ஆம் திகதி திறப்பு. அன்று நடந்த நாடகங்களில் ஒன்று அவர் எழுதிய ஸ்பிரெடிங் த நியூஸ். சந்தையில் ஒருவன் மறந்துவிட்டுப் போன வைக்கோல் முள்ளை இன்னொருவன் கொடுக்க ஓடுகிறான். காது கேளாத அப்பிள் விற்கும் கிழவியிடமிருந்து கதை வாய்க்கு வாய் மாறி, கடைசியில் கொலையாகிவிடுகிறது. விசாரிக்க வரும் நீதவான் அந்தமான் தீவிலே வேலை பார்த்தவர்; எதற்கெடுத்தாலும் அந்தமான் கதைதான். காலனி அதிகாரிகளைக் கணவரோடு நெருங்கிப் பார்த்த பெண்ணின் கேலி அது. அன்றிரவு எழுதியவர் மட்டும் அரங்கில் இல்லை. இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலில் ஊரில் படுத்திருந்தார்.

அதற்குப் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊருக்கும் டப்ளினுக்கும் இடையே புகையிரதத்தில் ஓட்டம். அவருடைய நாட்குறிப்புகளையும் கூட இருந்தவர்களின் நினைவுகளையும் சேர்த்து வாசித்தால் நாள்கள் எப்படிப் போயின என்று தெரிகிறது. கடிதங்கள் ஒரு கட்டு. தானே தட்டச்சு செய்வார். வங்கி, வழக்கறிஞர், மந்திரி, பத்திரிகை ஆசிரியர் என்று கதவுகள் தட்டுவது. புதியவர்கள் அனுப்பிய நாடகப் பிரதிகளை வாசித்துப் பதில் போடுவது. ஒத்திகை பார்ப்பது, சண்டை பிடித்த நடிகர்களைச் சமாதானப்படுத்துவது. இடையில் ஒரு நண்பரோடு தேநீர், ஒரு நோயாளியைப் பார்த்தல். இரவில் அரங்கம்; எத்தனை கதிரை நிரம்பிற்று என்று அன்றைக்கே குறித்துவைப்பார். ஊரிலிருந்து வரும்போது கோர்ட் வெதுப்பகத்தில் செய்வித்த பழங்கள் நிறைந்த பெரிய கேக் ஒன்று கூட வரும். நடிகர்களின் அறையில் அதை வெட்டும்போது, தேநீரை ஊற்றிக் கொடுப்பதும் அவரே. பாதி டப்ளின் இந்தக் காட்சியை வைத்து அவரைக் கேலி செய்தது. கறுப்புடையும் முக்காடுமாக விக்ரோரியா மகாராணியைப் போல இருக்கிறார் என்றார்கள். அந்தக் கையாலேயே நாற்பதுக்குக் கிட்டிய நாடகங்களும் வந்தன.

கலகங்களும் வந்தன. 1907 யனவரியில் சிங் எழுதிய மேலைநாட்டு விளையாட்டு வீரன் நாடகத்தில், பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல்லுக்காகச் சபை கொதித்தெழுந்தது. யேற்ஸ் ஸ்கொட்லாந்தில் இருந்தார். தந்தி அடித்துத் தெரிவித்தவர் சீமாட்டி. ஒழுங்கைக் காக்கத் தன் மருமகன் ஒருவரிடம் சொல்லிப் பல்கலைக்கழகப் பையன்களை வரவழைத்தார். அவர்களோ குடித்துவிட்டு வந்து ஆங்கில மன்னருக்குக் கீதம் பாடி நிலைமையை இன்னும் கெடுத்தார்கள். உண்மையில் அவருக்கு அந்த நாடகம் பிடிக்கவேயில்லை. பிடிக்காத நாடகத்துக்காகத்தான் அத்தனை இரவும் காவல் நின்றார். 1909 இல் பேர்னாட் ஷாவின் நாடகம் ஒன்றை நிறுத்தாவிட்டால் உரிமப் பத்திரத்தைப் பறிப்போம் என்று அரசு மிரட்டியபோதும் நிறுத்தவில்லை. பத்திரம் அவர் பெயரில் அல்லவா இருந்தது. அமெரிக்கப் பயணத்தில், 1912 இல், பிலடெல்பியாவில் நடிகர்கள் அனைவரும் கைதானார்கள். சிக்காகோவில் கொலை மிரட்டல் கடிதம் வந்தது. அவர் வழமைபோல அரங்குக்குப் போய் வந்தார்.

இழப்புகளை விரைவாகச் சொல்லிவிடுவோம். 1915 மே 7 இல் லூசித்தானியா கப்பல் மூழ்கியபோது சகோதரியின் மகன் ஹியூ லேன் இறந்தார். தன்னிடமிருந்த 39 ஓவியங்களையும் டப்ளினுக்குக் கொடுப்பதாக அவர் எழுதிய மரணசாசன இணைப்பில் சாட்சிக் கையெழுத்து இல்லை. ஓவியங்கள் இலண்டனிலே நின்றுவிட்டன. அவற்றை மீட்பது சீமாட்டியின் அன்றாட ஓட்டங்களில் ஒன்றாயிற்று. 1918 யனவரி 23 இல், விமானப்படையில் இருந்த ரொபேட் இத்தாலியில் விழுந்து இறந்தார். 36 வயது. யாருக்காகக் கூலைக் காப்பாற்றினாரோ அவர் போய்விட்டார். மூன்று பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்ததுதான் இந்த வாழ்க்கையில் எங்களுக்கு மிகப் பிடித்தது. கத்லீன் நி ஹூலிஹன் மீண்டும் அபி மேடைக்கு வர இருந்தது. கிழவியாக நடிக்கவேண்டியவரால் வரமுடியவில்லை. நாடகத்தை நிறுத்துவதா, வேறு யாரைப் பிடிப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, சீமாட்டி தானே நடிப்பதாகச் சொன்னார். அந்த மாதம்தான் அவருக்கு 67 நிறைந்திருந்தது. நடிகையாகப் பழகியவர் அல்லர். பகலில் வழமையான ஓட்டங்கள், இடையிலே வசனம் பாடம், மாலையில் ஒப்பனை. மூன்று இரவுகள் மேடையேறினார். மகனை ஒரு போரில் பறிகொடுத்து ஓராண்டு கடந்த தாய், இன்னொருத்தியின் மகனை வீட்டை விட்டுக் கூட்டிச் செல்லும் கிழவியாக, பெரும்பகுதி தானே எழுதிய வசனத்தைத் தன் வாயாற் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் நாடகாசிரியர் பெயர் அப்போதும் யேற்ஸ்.

1920 களில் வந்தவர் ஷோன் ஓகேசி. டப்ளின் சேரியில் வளர்ந்த கூலித்தொழிலாளி, சிறுவயதுக் கண்நோயால் பார்வை குன்றியவர். அவருடைய ஆரம்ப நாடகங்களை அபி திருப்பி அனுப்பியது. பாத்திரங்களைப் படைப்பதுதான் அவருடைய பலம் என்று சொல்லி ஊக்கப்படுத்தியவர் சீமாட்டி. 1924 இல் ஜூனோவும் மயிலும் அரங்கை நிரப்பியது. அந்த ஆண்டு கூலுக்கு விருந்தினராக வந்த ஓகேசிக்கு, இரவுகளில் விளக்கருகே இருந்து தானே புத்தகம் வாசித்துக் காட்டினார். 1925 இல் அயர்லாந்து அரசு அபிக்கு 850 பவுண் மானியம் கொடுத்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அரசாங்க மானியம் பெற்ற முதல் அரங்கு அதுவே. எத்தனை கதவுகளை எத்தனை தரம் தட்டியதன் பலன் என்று நாட்குறிப்பை வாசித்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் 1923 இல், 71 வயதில், அவருக்கு மார்பகப் புற்றுநோய். முதற் சத்திரசிகிச்சை அந்த ஆண்டு. அடுத்தது 1926 இல், மூன்றாவது 1929 இல். இரசாயன சிகிச்சையோ, ஹோர்மோன் மாத்திரையோ இல்லாத காலம்; பெரும்பாலும் கத்திதான். ஒவ்வொரு முறையும் காயம் ஆறியதும் மறுபடி புகையிரதம், மறுபடி கூட்டம். ஓகேசியும் மானியமும் மந்திரிகளும் கலகங்களும் நிறைந்த மேற்சொன்ன ஆண்டுகள் இந்த மூன்று அறுவைகளுக்கும் நடுவே கடந்தவை. வைத்தியர்கள் என்ற முறையில் நாங்கள் இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகமாட்டோம். முதற் சிகிச்சைக்குப் பின் ஒன்பது ஆண்டு வாழ்ந்தார் என்பதையும் கவனியுங்கள். அன்றைய நிலையில் அது சிறிதன்று. இன்று எங்களிடம் அதைவிட எவ்வளவோ இருந்தும், கட்டியைக் கையால் உணர்ந்த பிறகும் விழா முடியட்டும், மகளின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வருகிற பழைய மாணவிகளை எங்கள் கிளினிக்குகளில் காண்கிறோம்.

1927 இல் கூல் காணியும் வீடும் அரசின் வனத் திணைக்களத்துக்கு விற்கப்பட்டன. தான் காப்பாற்றிய வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஆண்டுக்கு 100 பவுண். இறப்பதற்கு ஏறத்தாழ இரு வாரம் முன்பு வரை நாட்குறிப்பு எழுதினார். 1932 மே 22 ஆம் திகதி, 80 வயதில், கூலிலேயே உயிர் பிரிந்தது. 1941 இல் வீட்டை இடித்துவிட்டார்கள். தோட்டத்தில், யேற்ஸ், சிங், ஷா, ஓகேசி என்று வந்துபோனவர்களைக் கொண்டு அவர் பெயரெழுத்துகள் செதுக்குவித்த மரம் நிற்கிறது. அபி 1951 இல் எரிந்து, 1966 இல் புதிதாகக் கட்டப்பட்டு, இன்றும் நடக்கிறது. ஹியூ லேனின் ஓவியங்களை இலண்டனும் டப்ளினும் பங்கிட்டு மாறி மாறிக் காட்சிக்கு வைப்பதென்று 1959 இல் உடன்பாடாயிற்று. அந்த வேலையாக அவர் கடைசிக் கடிதத்தை எழுதி அப்போது இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருக்கும்.